மதாம் த பொம்பதூர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சு வரலாற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி பொம்பதூர் பற்றி அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை போகப் போக வரும்.

இவர் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இயற்பெயர் ழான்-அந்துவானெத் புவாஸோன். 1721 டிசம்பர் 29 அன்று பாரிஸில் பிறந்தார். 1745இல் பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயியின் அதிகாரபூர்வ ஆசைநாயகியாகி, மார்க்கீஸ் த பொம்பதூர் என்ற பட்டம் பெற்றார். 1764 ஏப்ரல் 15 அன்று, 42 வயதில், வெர்சாய் அரண்மனையிலேயே இறந்தார். அரசரோடு உடலுறவு இருந்தது ஏறக்குறைய முதல் 5 ஆண்டுகள்தான். மீதி 14 ஆண்டுகளும் தோழியாக, ஆலோசகராக, கலைகளின் புரவலராக அரசருக்குப் பக்கத்திலேயே இருந்தார். அவர் பெயர் இன்றுவரை நிற்பதற்கு அந்த 14 ஆண்டுகளே காரணம்.

மீன்காரர் மகள் என்கிறார்களே, அவ்வளவு ஏழையா?

இல்லை. புவாஸோன் என்ற குடும்பப் பெயருக்குப் பிரெஞ்சில் மீன் என்று பொருள். எதிரிகள் அதைப் பிடித்துக்கொண்டு பாட்டுக் கட்டியதால் வந்த குழப்பம் இது. தந்தை பிரான்சுவா புவாஸோன், பாரி சகோதரர்கள் என்ற பெரிய நிதிக்காரர்களிடம் வேலை பார்த்தவர். தானியக் கொள்முதல் கணக்கில் சிக்கி 1720களில் நாட்டைவிட்டு ஓடினார். 1736இல்தான் திரும்பி வந்தார்.

அந்த இடைக்காலத்தில் குடும்பத்தைத் தாங்கியவர் லெ நொர்மான் த தூர்நெம் என்ற வரிக்குத்தகைக்காரர். அரசுக்கு முன்பணம் கட்டிவிட்டு மக்களிடம் வரி வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுப்பவர்களைத்தான் அப்படிச் சொல்கிறோம். அன்றைய பிரான்சில் பணம் புரண்டது இவர்கள் கையில்தான். பெண்ணுக்குப் பாட்டு, நடிப்பு, ஓவியம், செதுக்குவேலை எல்லாம் நல்ல ஆசிரியர்களை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே பணத்துக்குக் குறைவில்லை. இல்லாமல் போனது பிரபு வம்சம். வெர்சாய் கடைசிவரை மன்னிக்காதது அதைத்தான்.

சின்ன வயதிலேயே ஜோசியக்காரி சொன்னாளாமே?

ஒன்பது வயதில் மதாம் லெபோன் என்ற குறிசொல்லி, இந்தப் பெண் ஒருநாள் அரசரின் மனத்தை ஆள்வாள் என்று சொன்னதாகக் கதை. இதில் சான்று உள்ள பகுதி ஒன்று உண்டு: பிற்காலத்தில் பொம்பதூரின் கணக்கில், அந்தக் குறிக்காக லெபோனுக்கு ஆண்டுக்கு 600 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) உதவித்தொகை எழுதப்பட்டிருக்கிறது. வீட்டில் ‘ரெனெத்’, அதாவது குட்டி ராணி, என்று அழைத்துவந்ததும் தெரிந்ததே.

கல்யாணம் ஆனவர்தானே? கணவர் சும்மாவா இருந்தார்?

1741இல் தூர்நெமின் சகோதரர் மகன் ஷார்ல்-கியோம் லெ நொர்மான் தெத்தியோலுக்கு வாழ்க்கைப்பட்டார். இரண்டு குழந்தைகள். மகன் கைக்குழந்தையாகவே இறந்தான். மகள் அலெக்சாந்திரின் 1744இல் பிறந்து, 1754இல் கன்னிமடப் பள்ளியில் படிக்கும்போது ஒன்பது வயதில் இறந்துபோனாள். அந்த அடியிலிருந்து தாய் முழுதாக எழவே இல்லை.

கணவருக்கு விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு தூர்நெமின் தலையில் விழுந்தது. கணவர் உடைந்துபோனார் என்பதே அக்காலத்தவர் தரும் செய்தி. 1745 மே மாதம் சட்டப்படி பிரிவினை ஆனது. விவாகரத்து என்பது அன்றைய கத்தோலிக்க பிரான்சில் கிடையாது. கணவர் உயிரோடு இருந்தது பிறகு ஒரு மதச் சிக்கலைக் கிளப்பியது. அது கீழே வரும்.

அரசரை முதலில் எங்கே பார்த்தார்?

கணவர் வீட்டாரின் எத்தியோல் மாளிகை செனார் காட்டின் ஓரத்தில் இருந்தது. அரசர் வேட்டையாடும் காடு அது. அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்கு வேட்டையைப் பின்தொடர அனுமதி உண்டு. அரசர் கண்ணில் படும்படி இவர் வண்டியோட்டிக்கொண்டு போவார். ஆனால் அப்போது மதாம் த ஷாத்தோரூ என்பவர் ஆசைநாயகியாக இருந்தார். அவர் 1744 டிசம்பரில் திடீரென்று இறந்தார்.

1745 பிப்ரவரி கடைசியில் பட்டத்து இளவரசரின் திருமணத்தை ஒட்டி வெர்சாய் கண்ணாடி மாடத்தில் முகமூடி நடனம் நடந்தது. அரசரும் ஏழு பேரும் வெட்டிச் சீராக்கிய யூ மரங்களைப் போல வேடமிட்டு வந்தார்கள், எந்த மரம் அரசர் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக. அந்த இரவில் ஒரு மரம் இவரோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்ததை அவையே பார்த்தது. மறைந்திருந்த உறவு வெளிச்சத்துக்கு வந்தது அப்போதுதான்.

ஆசைநாயகி என்பது ஒரு பதவியா? சம்பளம், உத்தரவு எல்லாம் உண்டா?

நியமன ஆணை எதுவும் கிடையாது. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஓர் இடம் அது. அரசர்களுக்கு எத்தனையோ பெண்கள் இருந்திருக்கலாம். அவையில் முறைப்படி அறிமுகம் செய்யப்பட்டு, அரண்மனையில் தனி இருப்பிடம் பெற்றவர் ஒருவர்தான். அந்த அறிமுகத்துக்குப் பட்டம் வேண்டும், ஏற்கனவே அறிமுகமான ஒரு பெருமாட்டி முன்னின்று அழைத்துப் போகவும் வேண்டும்.

பட்டத்துக்காக 1745 ஜூனில் அரசர், வாரிசற்றுக் கிடந்த பொம்பதூர் என்ற லிமூசேன் பகுதிச் சிற்றூரின் மார்க்கீஸ் உரிமையை வாங்கிக் கொடுத்தார். அரசர் போர்முனையில் இருந்த அந்தக் கோடை முழுவதும், எத்தியோலில் அபே த பெர்னி என்ற இளம் குருவானவர் இவருக்கு அவை நடைமுறை சொல்லிக்கொடுத்தார்: யார் யாருக்கு உறவு, யாருக்கு எந்த இருக்கை, யாரிடம் எந்தச் சொல். செப்டம்பர் 14 மாலை, கோந்தி இளவரசி முன்னிற்க அறிமுகம் நடந்தது. நீண்ட பின்தானை உடை. மூன்று முறை முழங்கால் மடித்து வணங்க வேண்டும். பிறகு முதுகைக் காட்டாமல், தானையைக் காலால் லாவகமாக ஒதுக்கியபடி பின்னோக்கி நடந்து வெளியேற வேண்டும். கால் தடுக்கினால் ஆயுள் முழுக்கக் கேலிதான். தடுக்கவில்லை.

ராணி எப்படிப் பொறுத்துக்கொண்டார்?

ராணி மரீ லெக்சின்ஸ்காவை முந்தைய ஆசைநாயகிகள் அலட்சியமாக நடத்தியிருந்தார்கள். பொம்பதூர் முதல் நாளிலிருந்தே பணிவோடு நடந்தார். அறிமுகத்தின்போது ராணி வெறுமனே உடையைப் பாராட்டிவிட்டு விடுவார் என்று அவை காத்திருந்தது. அவரோ இருவருக்கும் தெரிந்த ஒரு பெருமாட்டியைப் பற்றி நலம் விசாரித்தார். அது மரியாதைக்குரியவரிடம் பேசும் பேச்சு. அதன் பின் ராணிக்குப் பூக்கள் போயின. அரசரும் ராணியிடம் முன்பைவிடக் கவனமாக நடந்துகொண்டார். மன்னரின் பிள்ளைகள் மட்டும் இவரை நெடுநாள் ஏற்கவில்லை.

வெர்சாயில் எந்த இடத்தில் குடியிருந்தார்?

முதல் 5 ஆண்டுகள் மேல்மாடியில், அரசரின் பெரிய அறைகளுக்கு நேர் மேலே, வடக்குத் தோட்டத்தைப் பார்த்த கூரையடி அறைகளில். அரசர் உள்படிக்கட்டு வழியாக யாருக்கும் தெரியாமல் ஏறி வரலாம். 1750ஐ ஒட்டி, உறவின் தன்மை மாறிய காலத்தில், தரைத்தளத்தில் இளவரச வம்சத்தாருக்கு உரிய பெரிய இருப்பிடத்துக்கு மாறினார். படுக்கை உறவு முடிந்ததும் மதிப்புக் குறையும் என்று காத்திருந்தவர்களுக்கு அந்த இடமாற்றமே பதில்.

உறவே இல்லாத பிறகு எப்படி அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்?

இதுதான் இந்தப் பக்கத்தின் நடுநாயகமான கேள்வி. அரசரின் குணத்தில் தொடங்க வேண்டும். பதினைந்தாம் லூயி கூச்சம் மிகுந்தவர், எளிதில் சலிப்படைபவர், புதிய முகங்களைக் கண்டால் வாயடைத்துப் போகிறவர். எழுவது முதல் படுப்பதுவரை எல்லாமே பொதுச் சடங்காக நடந்த அரண்மனையில், பத்துப் பேர் மட்டும் கூடி உண்டு, சிரித்துப் பேசும் ஒரு தனிவீட்டை இவர் கட்டிக்கொடுத்தார். 1747 ஜனவரியில் மோலியேரின் ‘தார்த்துஃப்’ நாடகத்தோடு அரண்மனைக்குள்ளேயே ஒரு சிறிய அரங்கைத் தொடங்கினார். நடிகர்கள் கோமான்களும் கோமாட்டிகளும். பார்வையாளர் முதலில் பதினான்கு பேர்தான். முக்கிய வேடங்களில் இவரே பாடி நடித்தார். உள்ளே இடம் கிடைக்கக் கோமான்கள் ஏங்கினார்கள். யாரை உள்ளே விடுவது என்பதே பெரிய அதிகாரமாயிற்று.

இரண்டாவது, தம் ஆட்களை உரிய இடத்தில் அமர்த்தினார். அரசக் கட்டடத் துறையின் தலைமை முதலில் தூர்நெமுக்கும் 1751இல் இவருடைய தம்பிக்கும், பின்னாளில் மரினி பிரபு என்று அறியப்பட்டவருக்கு, போனது. தம்பியைக் கலை பயில முன்கூட்டியே இத்தாலிக்கு அனுப்பிவைத்திருந்தார். உடன் சென்றவர்களில் ஒருவர் சூஃப்லோ, பாரிஸின் பாந்தெயோனை வடிவமைத்தவர். வேண்டியவருக்குப் பதவி என்பதோடு நிற்காமல், அந்தப் பதவிக்கு அவரைத் தயார் செய்தும் வைத்தார்.

மூன்றாவது, அந்தஸ்தைச் சட்டபூர்வமாக்கிக்கொண்டார். 1752இல் கோமாட்டிக்குரிய இருக்கை உரிமை, அதாவது ராணியின் முன்னிலையில் அமரும் உரிமை, கிடைத்தது. 1756இல் ராணியின் பணிப்பெருமாட்டியாக விரும்பினார். அதற்குப் பாவமன்னிப்புப் பெற்றிருக்க வேண்டும்; யேசுசபைப் பாதிரியாரோ, கணவரிடம் திரும்பினால்தான் என்றார். இவர் கணவருக்குக் கடிதம் எழுதினார், அவர் மரியாதையாக மறுத்துவிட்டார். அந்த மறுப்பே வழியைத் திறந்தது. பிப்ரவரியில் பதவி கிடைத்தது. இதன் பிறகு அவர் அரண்மனையில் இருப்பதற்கு ஆசைநாயகி என்ற காரணமே தேவைப்படவில்லை.

அரசருக்குப் பெண் பிடித்துக் கொடுத்தார் என்பது உண்மையா?

வெர்சாய் ஊரில் பார்க்-ஓ-செர் என்ற பகுதியில் அரசருக்கு ஒரு சிறு வீடு இருந்தது. 1755இல் வாங்கப்பட்டது. அங்கே ஒருவர், அல்லது இருவர் என்ற கணக்கில் இளம்பெண்கள் வைக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் பதின்வயதினர், ஏழை வீட்டுப் பிள்ளைகள். அதை அழகாக்கிச் சொல்வதற்கு எதுவுமில்லை. ஏற்பாடுகளைக் கவனித்தவர்கள் அரசரின் அறைப் பணியாளர்கள். பொம்பதூர் அதை நடத்தினார் என்பதற்குச் சான்று இல்லை. தெரிந்தே விட்டுவைத்தார் என்பது மட்டும் உண்மை: படிப்பில்லாத, அவைத் தொடர்பில்லாத பெண் தமக்குப் போட்டியாக முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். அவரை நேசிப்பவர்கள்கூட இந்த இடத்தைத் தாண்டிப்போகக் கூடாது.

செவ்ர் பீங்கானுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

பீங்கான் ஆலை 1740இல் பாரிஸுக்குக் கிழக்கே வேன்சேன் கோட்டையில் தொடங்கியது. 1756இல் அதை மேற்கே செவ்ர் கிராமத்துக்கு மாற்றினார்கள். அது பொம்பதூரின் பெல்வ்யூ மாளிகைக்கு மிக அருகில். 1759இல், ஆலை கடனில் தத்தளித்தபோது, அரசரே முழுதாக வாங்கிக்கொண்டார். இரண்டு முடிவுகளிலும் இவரது தூண்டுதல் தெளிவாகத் தெரிகிறது. ஆண்டு முடிவில் வெர்சாயில் அரசரின் சொந்த அறைகளிலேயே பீங்கான் கடை விரிக்கப்பட்டு, அவையினர் வாங்கியே தீர வேண்டிய நிலை வந்தது.

தொழில்நுட்பம் தெரிந்தால்தான் இவருடைய பிடிவாதத்தின் அளவு புரியும். உண்மையான கடும்பீங்கானுக்கு வெண்களிமண் வேண்டும்; பிரான்சில் லிமோழ் அருகே அது கிடைத்தது 1768இல், இவர் இறந்த பிறகு. அதுவரை செய்தது மென்பீங்கான். மணல், வெடியுப்பு, உப்பு, சோடா, படிகாரம், ஜிப்சம் ஆகியவற்றை உருக்கிக் கண்ணாடி போலாக்கி, அரைத்து, சுண்ணாம்பு கலந்த மண்ணோடு பிசைவார்கள். இந்தக் கலவைக்கு இழுவைத் தன்மை குறைவு, ஆகவே சக்கரத்தில் ஒழுங்காக எழாது. சூளையில் கொஞ்சம் வெப்பம் கூடினாலும் சரிந்து கோணிவிடும். எரிந்து வீணாகும் பொருள் ஏராளம். ஒருமுறை சுட்ட பின் ஈய மெருகு பூசி மறுபடி, வண்ணத்துக்குப் பின் மறுபடி, பொன்னுக்குப் பின் மறுபடி என்று குறைந்த சூட்டில் பலமுறை சுட வேண்டும். பயன் என்னவென்றால், வண்ணம் மேலே ஒட்டிக்கொண்டு நிற்காமல் மெருகுக்குள் இறங்கிவிடும். அந்தக் குழைவைப் பிற்காலக் கடும்பீங்கானில் காண முடியாது.

‘பொம்பதூர் ரோஸ்’ நிறம் அவர் கண்டுபிடித்ததா? பழைய செவ்ர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிறங்களை உருவாக்கியதில் பெரும்பங்கு வேதியியலர் ழான் எல்லோவுக்கு. வான்நீலம் 1753இல் வந்தது. ரோஸ் 1757ஐ ஒட்டி வந்து, சில ஆண்டுகளே பெருமளவில் செய்யப்பட்டது. அவர் காலத்தில் அதற்கு ரோஸ் என்றே பெயர். பொம்பதூர் பெயரைச் சேர்த்தது பிற்காலச் சேகரிப்பாளர்கள்.

அடையாளம்: ஒன்றையொன்று பின்னிய இரண்டு ‘எல்’ எழுத்துகள், நடுவில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து. ‘ஏ’ என்றால் 1753, ‘பி’ என்றால் 1754, இப்படியே வரிசையாக. முத்திரையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் இதே முத்திரையைப் போட்ட போலிகள் குவிந்தன. வெண்மையில் இளஞ்சூடான பாலேட்டு நிறம் இருக்கிறதா, வண்ணம் மெருகுக்குள் கரைந்திருக்கிறதா, பொன்பூச்சு தடித்து வேலைப்பாட்டோடு இருக்கிறதா என்று பாருங்கள். நடுவெழுத்து குறிக்கும் ஆண்டில் அந்த வடிவமும் அந்த நிறமும் ஆலையில் இருந்தனவா என்பதையும் ஒப்பிடுங்கள். போலி பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த ஒப்பீட்டில்தான்.

ஓவியங்களில் எப்போதும் புத்தகத்தோடு இருக்கிறாரே, படித்தவரா, பாவனையா?

படித்தவர். இறந்த பின் 1765இல் அச்சிட்ட நூலகப் பட்டியலில் 3,500க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. ஆனால் ஓவியத்தில் எந்தப் புத்தகம் தெரிய வேண்டும் என்பதை யோசித்தே வைத்தார்கள். 1755இல் மோரிஸ்-காந்தேன் த லா தூர் காட்சிக்கு வைத்த பெரிய பாஸ்டல் (வண்ணக்குச்சி) ஓவியத்தில் மேசைமேல் ‘கலைக்களஞ்சிய’த்தின் 4ஆம் தொகுதி, மோந்தெஸ்கியூவின் ‘சட்டங்களின் ஆன்மா’, வோல்தேரின் ‘ஆன்ரியாத்’ ஆகியவை முதுகெழுத்து தெரிய நிற்கின்றன. கலைக்களஞ்சியத்தின் முதல் இரு தொகுதிகள் 1752இல் தடை செய்யப்பட்டவை. ஆக, அரசரின் தோழி தடைக்குள்ளான நூலைத் தன் படத்தில் வைத்துக்கொள்கிறார். அன்றைய பாரிஸில் அதைப் புரிந்துகொள்ளாதவர் இல்லை.

அவருடைய மருத்துவர் பிரான்சுவா கெனே, பொருளியலின் முன்னோடி. வெர்சாயில் பொம்பதூரின் இருப்பிடத்தை ஒட்டிய தாழ்வான சிறு அறைகளில்தான் அவர் குடியிருந்தார். திதெரோ, தலம்பேர், தியூர்கோ போன்ற சிந்தனையாளர்கள் அங்கே விருந்துண்டு விவாதித்தார்கள். அரசரின் காலுக்குக் கீழேயே அந்தப் பேச்சு நடந்தது.

நாட்டின் கஜானாவைக் காலி செய்தாரா?

செலவாளிதான். 19ஆம் நூற்றாண்டில் கணக்குப் புத்தகங்களைக் கூட்டிப் பார்த்து, சுமார் 20 ஆண்டுகளில் 3.6 கோடி லிவ்ர் என்று கண்டார்கள். இதில் வீடுகள், கட்டடம், நாடகம், உதவித்தொகை எல்லாம் அடக்கம். 1753இல் பாரிஸில் எவ்ரூ மாளிகையை 7,30,000 லிவ்ருக்கு வாங்கினார். அதுதான் இன்றைய எலிசே அரண்மனை, பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரின் இல்லம். அவர் அதை அரசருக்கே எழுதிவைத்துவிட்டார்.

1756 முதல் 1763 வரை பிரிட்டனோடும் பிரஷ்யாவோடும் நடந்த ஏழாண்டுப் போரின் செலவோ 100 கோடி லிவ்ரைத் தாண்டியது. கஜானாவை உடைத்தது அது. ஆனாலும் ரொட்டி விலைக்கு அஞ்சி வாழ்ந்த மக்களின் கண்ணில் பெல்வ்யூவின் சுவர்கள் உறுத்தின என்பதில் அநியாயம் இல்லை.

அப்படியானால் அந்தப் போருக்குக் காரணமே இவர்தான் என்கிறார்களே?

பங்கு உண்டு, முழுப்பொறுப்பு இல்லை. பிரான்சும் ஆஸ்திரியாவும் தலைமுறை தலைமுறையாகப் பகைவர்கள். 1755 ஆகஸ்ட் கடைசியில் ஆஸ்திரியத் தூதர் ஸ்டார்ஹெம்பெர்க், அமைச்சர்களைச் சுற்றிக்கொண்டு, பொம்பதூர் வழியாக அரசருக்கு ஒரு செய்தி சேர்த்தார். செப்டம்பரில் பெல்வ்யூவுக்குக் கீழே பாபியோல் என்ற சிறு மாளிகையில் இரகசியப் பேச்சு தொடங்கியது. பிரான்ஸ் சார்பில் அமர்ந்தவர் மேலே சொன்ன பெர்னி. ஆனால் பேச்சு மாதக்கணக்கில் நகரவில்லை. 1756 ஜனவரியில் பிரஷ்யா, பிரான்சைக் கேட்காமல் பிரிட்டனோடு உடன்பாடு செய்த பிறகுதான், மே 1 அன்று வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது. கதவைத் திறந்து வைத்தவர் இவர். பிரான்சை அதற்குள் தள்ளியது பிரஷ்யாவின் செயல்.

அவர் மீது நியாயமாகச் சாட்டக்கூடியது வேறொன்று: தளபதிகள். அவருடைய நண்பர் சூபீஸ் பிரபு 1757 நவம்பர் 5 அன்று ரோஸ்பாக் களத்தில், பிரஷ்யப் படையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கூட்டுப்படையோடு நின்றும் படுதோல்வி அடைந்தார். அதன் பிறகும் அவருக்குப் படைத்தலைமை கிடைத்தது. நட்பு நாடகத்துக்கும் கட்டடத்துக்கும் நல்ல ஆட்களைத் தந்தது, போர்க்களத்துக்குத் தரவில்லை.

புதுச்சேரி விழுந்ததற்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

மறைமுகமாக உண்டு. அதே போரின் இந்தியப் பகுதிதான் 1760 ஜனவரி 22 வந்தவாசிப் போரும், 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்ததும். ஜெர்மானியக் களத்துக்கே படையும் பணமும் போனதால், கடலிலும் குடியேற்றங்களிலும் பிரான்ஸ் மெலிந்தது; அந்தக் கொள்கையின் ஆதரவாளர் இவர் என்ற அளவில் தொடர்பு நிற்கிறது. கோட்டையும் நகரமும் இடிக்கப்பட்டன. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் புதுச்சேரி திரும்பக் கிடைத்தது. சரணடைந்த தளபதி லாலி 1766இல் பாரிஸில் தலை வெட்டப்பட்டபோது, பொம்பதூர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தத் தண்டனையை அவர் தலையில் கட்டுவது தவறு.

தன்னைப் பற்றிப் பாட்டுப் பாடியவர்களைச் சிறையில் போட்டாரா?

ஆம். குடும்பப் பெயரை வைத்து ‘புவாஸோனாத்’ என்றழைக்கப்பட்ட வசைப்பாட்டுகள் 1740களின் கடைசியில் பாரிஸெங்கும் பரவின. சிலவற்றுக்குப் பின்னணியில் இருந்ததாகக் கருதப்பட்ட அமைச்சர் மோர்ப்பா 1749 ஏப்ரலில் பதவி பறிக்கப்பட்டு அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதே ஆண்டு அரசரை இகழ்ந்த கவிதைகளைப் பரப்பியதாக மாணவர், குருமார் என 14 பேர் பாஸ்தீய் சிறைக்குப் போனார்கள்.

கொடுமையானது லத்தியூத் கதை. 1749இல் அந்த இளைஞர், தீங்கில்லாத பொடி வைத்த பெட்டி ஒன்றைப் பொம்பதூருக்கு அனுப்பிவிட்டு, ‘உங்களுக்கு விஷம் வருகிறது’ என்று தானே போய் எச்சரித்தார், வெகுமதி கிடைக்கும் என்ற நப்பாசையில். தந்திரம் உடனே வெளிப்பட்டது. நடுவில் சிலமுறை தப்பியும் பிடிபட்டு, சுமார் 35 ஆண்டுகளை விசாரணையே இல்லாமல் சிறைகளில் கழித்தார். அதில் 20 ஆண்டுகள் பொம்பதூர் இறந்த பிறகு. புரட்சிக் காலத்தில் அவர் ஒரு நாயகராகவே கொண்டாடப்பட்டார்.

‘எங்களுக்குப் பின் பிரளயம் வரட்டும்’ என்று சொன்னது இவர்தானே?

ரோஸ்பாக் தோல்விச் செய்தி வந்தபோது அரசரைத் தேற்றச் சொன்னதாகக் கதை. அன்று எழுதப்பட்ட எந்தக் குறிப்பிலும் அது இல்லை, பிற்காலத்தார் ஏற்றியது. சிலர் இதையே அரசர் வாயிலும் வைக்கிறார்கள்.

அவர் சொன்னதாக எதைப் படித்தாலும் மூலம் எது என்று பாருங்கள். 1771 முதல் அச்சான ‘பொம்பதூர் கடிதங்கள்’ போலி. இணையத்தில் சுற்றும் அழகான மேற்கோள்கள் பல அங்கிருந்து வந்தவை. பணிப்பெண் மதாம் த்யூ ஒசேயின் நினைவுக் குறிப்புகள் அருகிலிருந்து பார்த்தவரின் பார்வை; ஆனால் அச்சேறியது 1809இல்தான், ஆகவே நிதானத்தோடு படிக்க வேண்டும். லுயின் கோமான் அன்றாடம் எழுதிவந்த அவைக் குறிப்புகள் தேதிக்கும் சடங்குக்கும் நம்பத்தக்கவை.

‘பொம்பதோர்’ ஹேர்ஸ்டைலும் ஷாம்பெயின் கோப்பையும்?

நெற்றிக்கு மேலே முடியைத் தூக்கிச் சீவும் அந்த ஸ்டைலுக்கு இவர் பெயர் பின்னாளில் சூட்டப்பட்டது. 1890களில் பெண்களிடம் பரவி, 1950களில் எல்விஸ் பிரெஸ்லி வழியாக ஆண்களுடையதாயிற்று. ஓவியங்களைப் பாருங்கள்: பொம்பதூரின் முடி தலையோடு படிந்து, சின்னச் சுருள்களாக, லேசாகப் பொடி தூவி இருக்கும். கோபுரம் போன்ற கொண்டைகள் 1770களின் மோஸ்தர்.

அகன்ற ஷாம்பெயின் கோப்பை இவர் மார்பின் அச்சு என்பது வெறும் கட்டுக்கதை. அந்த வடிவம் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே இருந்தது. இதே கதையை மரீ-அந்துவானெத்துக்கும் சொல்வார்கள்.

துய் பாரி, மரீ-அந்துவானெத், பொம்பதூர்: குழம்புகிறது.

மதாம் துய் பாரி அதே அரசரின் அடுத்த ஆசைநாயகி. 1769இல் அறிமுகமாகி, 1793 டிசம்பரில் கில்லட்டினில் இறந்தவர். மரீ-அந்துவானெத் அடுத்த அரசரின் ராணி. மூவரையும் இணைப்பது வெர்சாய்த் தோட்டத்திலுள்ள சிறிய திரியனோன் மாளிகை: பொம்பதூருக்காகத் திட்டமிட்டது, 1768இல் முடிந்தபோது அவர் இல்லை, துய் பாரி புழங்கினார், 1774இல் மரீ-அந்துவானெத்துக்குக் கிடைத்தது. பாரிஸின் பொம்பிதூ மையம் 20ஆம் நூற்றாண்டுக் குடியரசுத் தலைவர் ஜோர்ஜ் பொம்பிதூவின் பெயர் தாங்கியது. அதற்கும் இவருக்கும் தொடர்பே இல்லை.

எப்படி இறந்தார்? கல்லறை எங்கே?

நுரையீரல் நோய், காசநோய் என்றே பொதுவாகக் கொள்கிறார்கள். பல ஆண்டுகளாகவே இருமல், மூச்சிரைப்பு, கருச்சிதைவுகளால் தளர்ந்த உடம்பு. 1764 பிப்ரவரியில் அரசரின் ஷுவாசி மாளிகையில் படுத்தவர், சற்றுத் தேறி வெர்சாய் வந்தார். அரச குடும்பத்தார் தவிர யாரும் அரண்மனையில் உயிர்விடக் கூடாது என்பது வழக்கம். அதை அவருக்காக அரசர் தளர்த்தினார். சவ ஊர்வலம் மழையிலும் காற்றிலும் புறப்பட்டபோது, சடங்கு இடம் கொடுக்காததால், லூயி மாடத்தில் நின்று பார்க்க மட்டுமே முடிந்தது.

பாரிஸில் வாந்தோம் சதுக்கத்துக்கு அருகிலிருந்த கப்புச்சீன் கன்னிமடத்தில், மகளின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். புரட்சிக்குப் பின் மடம் இடிக்கப்பட்டு, அங்கே இன்றைய ர்யு த லா பே தெரு போடப்பட்டது. கல்லறை என்று போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை.

அவருடைய தடயங்களை இன்று நேரில் எங்கே பார்க்கலாம்?

பெல்வ்யூ 19ஆம் நூற்றாண்டில் அழிந்துவிட்டது. லுவார் நதிக்கரையில் அவருடைய மெனார் மாளிகை நிற்கிறது. வெர்சாயின் மேல்மாடி அறைகள் சாதாரண நுழைவுச்சீட்டில் வராது. வழிகாட்டியோடு போகும் தனிச் சுற்றுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். எலிசே அரண்மனை ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் மாத மரபு நாட்களில் மக்களுக்குத் திறக்கும். பொம்பதூர் என்ற ஊரில் அவர் குடியிருந்ததே இல்லை; அங்கே பார்க்க வேண்டியது 1761இல் தொடங்கிய குதிரைப் பண்ணை.

ஓவியங்களில் பூஷே 1756இல் வரைந்த முழு உருவம் மியூனிக் ஆல்ட்டே பினகோதேக்கில் உள்ளது. 1759 ஓவியம் லண்டன் வாலஸ் சேகரிப்பில், அங்கேயே செவ்ர் பீங்கான்களும் ஏராளம். லண்டன் நேஷனல் கேலரியில் துருவே வரைந்த கடைசிப் படம் இருக்கிறது: பூத்தையல் சட்டத்தின் முன் அமர்ந்த நடுவயதுப் பெண்மணி; முகத்தை 1763இல் நேரில் வரைந்து, மீதியை அவர் இறந்த பின் 1764இல் முடித்தார் ஓவியர். லா தூரின் பாஸ்டல் லூவ்ருக்குச் சொந்தம். பாஸ்டல் பொடி வெளிச்சத்தில் மங்கும், அதிர்ச்சியில் உதிரும். ஆகவே எப்போதும் சுவரில் இருக்கும் என்று எண்ணிவிடாமல், போகும் முன் காட்சியில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.